முகம் மாறும் பத்து நாள்கள்



புரட்டாசி மாதத்தில் புரோத்ராபூர்த் தெருக்களில் மூங்கில் கழிகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வங்காள மொழி பேசும் நம் அண்டை வீட்டார் துர்க்கை பூசைக்குப் பந்தல் அமைக்கத் தொடங்கிவிட்டனர் என்பது அதன் பொருள். சில நாள்களில் அப்பந்தலுள் பத்துக் கைகளோடு அன்னை எழுந்தருள்வாள். எருமையின் உடலிலிருந்து பாதி வெளிப்பட்ட அசுரன் ஒருவன் அவள் காலடியில் கிடப்பான். அவன் பெயர் மகிடாசுரன். விசயதசமியன்று டாக் மேளம் முழங்க, அன்னையின் மண் திருவுருவம் நீரில் கரைக்கப்படும்.

அதே நாள்களில், நம் தீவுக்கு மேற்கே, கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் தென்கோடிக் கரையில் உள்ள ஓர் ஊரிலும் இதே அன்னைக்கும் இதே அசுரனுக்கும் போர் நடக்கிறது. ஆனால் அங்கே மனிதர்களே அன்னையின் உருவம் தாங்குகின்றனர். தையற்காரர் காளியாகிறார். கல்லூரி மாணவர் குரங்காகிறார். கடை முதலாளி பிச்சைக்காரர் ஆகிறார். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் தம் முகத்தை மாற்றிக்கொள்ளும் அவ்விழாவின் பெயர் குலசை தசரா. உங்களுள் சிலருடைய பாட்டனார் ஊர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமாக இருக்கலாம். அவ்வாறாயின் வீட்டுப் பெரியவர்களிடம் இப்பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்களும் ஒரு காலத்தில் வேடம் கட்டியவர்களாக இருக்கக்கூடும்.

முத்தாரம்மனின் ஊர்

குலசேகரன்பட்டினம் என்பதன் சுருக்கமே குலசை. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தில் அது அமைந்துள்ளது. பனை மரங்களும் செம்மணல் தேரிகளும் சூழ்ந்த நிலம். அருகிலுள்ள உடன்குடியின் கருப்பட்டி பெயர்பெற்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் பெயரால் இவ்வூர் வழங்குகிறது என்பர். அம்மன்னன் அரியணை ஏறிய ஆண்டு 1268. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும். ஒரு காலத்தில் துறைமுகமாக விளங்கிய இவ்வூரில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஊரின் நடுநாயகம் முத்தாரம்மன் கோவில். இறைவன் ஞானமூர்த்தீசுவரரும் அம்மனும் ஒரே பீடத்தில் அருகருகே அமர்ந்திருப்பது இக்கோவிலின் சிறப்பு. 'முத்து' என்ற சொல்லைக் கேட்டதும், முத்துக் குளித்த கடற்கரை ஆயிற்றே என்று தோன்றும். மற்றொரு பொருளும் உண்டு. அம்மை நோயால் உடலில் எழும் கொப்புளங்களையும் நம் முன்னோர் முத்து என்றே அழைத்தனர். நோயின் பெயரைச் சொல்ல அஞ்சியவர்கள் அதற்கு அழகிய பெயர் சூட்டி, அதனை ஆற்றித் தருமாறு அம்மனை வேண்டினர். பெரியம்மை இந்தியாவை விட்டு நீங்கியது 1975ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் ஒவ்வொரு தலைமுறையும் தன் குழந்தைகளில் சிலரை அந்நோய்க்குப் பறிகொடுத்தது. "என் பிள்ளை பிழைத்தால் வேடம் கட்டி வருகிறேன், தாயே" என்று ஒரு தாய் நேர்ந்துகொண்டதன் பின்னே இருந்த அச்சத்தை இன்று நாம் எளிதில் உணர முடியாது.

விரதமும் வேடமும்

வேடம் கட்ட விரும்புவோர் கடையில் உடை வாங்கி உடனே அணிந்துகொள்ள இயலாது. முதலில் விரதம் இருத்தல் வேண்டும். கடலில் நீராடி, மாலை அணிந்து, செவ்வாடை உடுத்தி அதனைத் தொடங்குவர். சிலர் 11 நாள், சிலர் 21 நாள், சிலர் 31 நாள், சிலர் 41 நாள். 48 நாள் இருப்போரும் உளர். காளி வேடம் ஏற்பவர்க்குக் கட்டுப்பாடு மிகுதி. தாமே சமைத்து, ஒருவேளை மட்டும் உண்டு, வெறுந்தரையில் உறங்குவர். ஊர்தோறும் தென்னங்கீற்றால் குடில் அமைத்து, குழுவாகத் தங்கி வழிபடுவோரும் உண்டு. இக்குழுக்களுக்குத் தசராக் குழு என்று பெயர்.

நவராத்திரியின் முதல் நாளில் கோவிலில் கொடி ஏறும். அதன் பின்னர் வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு கட்டுவர். காப்புக் கட்டிய பிறகே வேடம்.

காளி வேடம் கட்டும் காட்சியைச் சற்று விரிவாகக் காண்போம். கட்டுபவர் பெரும்பாலும் ஆண். மீசையை மழித்துவிட்டு அமர்வார். முகத்தில் வண்ணம் பூசப்படும். கண்களின்மேல் கண்மலர், நெற்றியில் நெற்றிப்பட்டை, வாயின் இரு ஓரங்களில் வீரப்பல், தொங்கும் செந்நாக்கு, முதுகு முழுவதும் சடைமுடி, தோள்களின் பின்னே விரியும் கைகள், தலைமேல் கண்ணாடிக் கற்கள் பதித்த கிரீடம் என ஒவ்வொன்றாக ஏறும். எல்லாம் சேர்ந்தால் பல கிலோ எடை. புரட்டாசி வெயிலில், அத்தனையையும் சுமந்துகொண்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். வழியில் முதியவர்கள்கூட அவர் காலில் விழுந்து திருநீறு பெறுவர். நேற்றுவரை 'ஏலே' என்று அழைத்த பெரியப்பா இன்று 'தாயே' என்று கைகூப்புவார்.

எல்லாரும் காளியாவதில்லை. அரசன், அரசி, காவலர், கரடி, குரங்கு, முருகன், கண்ணன் எனக் கணக்கற்ற வேடங்கள் உள்ளன. கைக்குழந்தைக்கும் சிறிய கிரீடம் சூட்டித் தோளில் தூக்கி வருவர். நேர்த்திக்கடன் எதுவோ அதுவே வேடம். அலங்காரமே இல்லாத பிச்சைக்காரர் வேடமும் அவற்றுள் ஒன்று. கிழிந்த உடையும் தகரக் குவளையும் போதும். பார்ப்பதற்கு எளியது. ஆனால் ஊரில் நாலு பேருக்கு வேலை தருபவர் அதனை ஏற்கும்போது, எல்லா வேடங்களிலும் கடினமானது அதுவாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் எந்த வேடம் கட்டினாலும் செய்யவேண்டிய கடமை ஒன்றே. வீடு வீடாகச் சென்று கையேந்த வேண்டும். காளியும் கையேந்துவாள், அரசனும் கையேந்துவான். பிறர் இட்ட காணிக்கையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், பத்தாம் நாள் கோவிலுக்குச் சென்று அம்மன் உண்டியலில் சேர்க்க வேண்டும். தம் பணத்தை மொத்தமாக உண்டியலில் போட்டுவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். வசதியுள்ளவர்க்கு அது மிக எளிது. அதனால்தான் அது போதாது.

தமிழர் இரத்தலை இழிவாக எண்ணியவர்கள். திருக்குறள் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அதற்கு அடுத்ததாக 'இரவச்சம்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளது. இரப்பதற்கு அஞ்சுதல் நல்லோர் இயல்பு என்று கருதிய சமூகத்தில், பத்து நாள் கையேந்தி நிற்பது சிறிய செயலன்று. வாசலில் நிற்கும்போது உள்ளிருந்து யாரேனும் வருவார்களா, 'அடுத்த வீட்டுக்குப் போ' என்று சொல்லிவிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயமோ ஒரு படி அரிசியோ, எது வந்தாலும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னார் மகன், இன்ன தொழில், இத்தனை ஏக்கர் நிலம் என்பதெல்லாம் அந்த வாசலில் செல்லாது. குலசை தசராவின் உள்ளீடு இதுதான்.

மார்க்கோ போலோவின் ஊர்

குலசேகர பாண்டியன் ஆட்சியில் தென்பாண்டிக் கரைக்கு ஒரு வெளிநாட்டுப் பயணி வந்தார். இங்கே நடந்த முத்துக்குளித்தலையும், காயல் துறைமுகத்தில் வந்து இறங்கிய குதிரைகளையும் பற்றி எழுதினார். அவர் மார்க்கோ போலோ. இத்தாலி நாட்டு வெனிசு நகரத்தவர். நம் அந்தமானைப் பற்றியும் அவர் நூலில் ஒரு செய்தி உண்டு. இத்தீவினருக்கு நாயின் தலை இருந்ததாம்! அவர் இங்கே இறங்கிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. மாலுமிகள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அறியாத மனிதர்க்குத் தொலைவிலிருந்தே ஒரு முகமூடி மாட்டிவிட்டார் என்று நாம் சிரித்துக்கொள்ளலாம்.

அவருடைய ஊர் முகமூடிக்குப் பெயர்பெற்றது என்பதுதான் வேடிக்கை. வெனிசு சிறு தீவுகளின் மேல் எழுந்த நகரம். தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள். பேருந்துக்குப் பதிலாகப் படகுகள். படகேறிப் பழகிய உங்களுக்கு அந்நகரம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. அங்கே ஆண்டுதோறும் கார்னிவல் என்னும் முகமூடித் திருவிழா நடைபெறுகிறது. முகமூடி அணிந்தோர் முட்டை எறிந்து விளையாடக் கூடாது என்று வெனிசு அரசு விதித்த தடையே அந்நகரின் முகமூடிகளைக் குறிக்கும் மிகப் பழைய ஆவணம் என்பர். அதன் ஆண்டு 1268. பாண்டியன் முடிசூடிய அதே ஆண்டு! தற்செயல்தான், எனினும் மறக்க முடியாத ஆண்டாகிவிடுகிறது. 1436ஆம் ஆண்டில் முகமூடி செய்வோர் தமக்கெனத் தனி விதிமுறைகளையே பெற்றிருந்தனர். காகிதக் கூழை அச்சில் அழுத்தி, உலர்த்தி, வெண்ணிறம் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டி அவற்றைச் செய்தனர். காகிதக் கூழில் நவராத்திரிக் கொலுப் பொம்மை செய்யும் முறைக்கு இது மிக நெருங்கியது.

வெனிசில் முகமூடி ஏன் இவ்வளவு பரவியது? அந்நகரை ஆண்டவர்கள் சில நூறு பிரபுக் குடும்பத்தினர். யார் எந்த உடை உடுத்தலாம் என்பதற்கும் சட்டம் இருந்தது. ஒருவரைப் பார்த்த உடனேயே அவர் பிரபுவா, வணிகரா, பணியாளரா என்பது தெரிந்துவிடும். அத்தகைய நகரில் 'பவுத்தா' என்னும் வேடம் புகுந்தது. வெள்ளை முகமூடி, கரிய மேலங்கி, முக்கோணத் தொப்பி. முகமூடியின் கீழ்ப்பகுதி முன்னோக்கி நீண்டிருப்பதால் அதனைக் கழற்றாமலேயே உண்ணலாம், பருகலாம்; குரலும் மாறி ஒலிக்கும். அதை அணிந்துவிட்டால் பிரபுவும் பணியாளும் ஒன்றே. வழியில் எதிர்ப்பட்டால் பெயர் சொல்லி அழைக்காமல், 'வணக்கம், முகமூடியாரே' என்பது போல வாழ்த்திக்கொள்வர். பெண்கள் அணிந்த 'மொரெத்தா' என்னும் கரிய முகமூடி இதற்கு நேர்மாறானது. அதனை முகத்தில் நிறுத்த, உட்புறமுள்ள ஒரு பொத்தானைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அணிந்தவரால் பேச இயலாது. எல்லாரையும் சமமாக்கிய திருவிழாவிலும் பெண்ணின் வாய் மட்டும் பூட்டப்பட்டிருந்தது!

நீண்ட பறவை அலகு போன்ற முகமூடி ஒன்றையும் அங்கே காணலாம். அது முதலில் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, மருத்துவர்கள் அவ்வலகினுள் நறுமண மூலிகைகளைத் திணித்து அணிந்தனர். கெட்ட காற்றால் நோய் தொற்றும் என்று அன்று நம்பினர். 1630ஆம் ஆண்டு தொடங்கிய கொள்ளைநோயில் வெனிசு தன் மக்களில் மிகப் பலரை இழந்தது. அச்சம் தந்த அம்முகம் காலப்போக்கில் திருவிழா வேடமாயிற்று. முத்தாரம்மனின் பெயரில் அம்மை நோய் ஒளிந்திருப்பதை இங்கே எண்ணிப் பாருங்கள்.

முகமூடிக்குள் எல்லாரும் நல்லவராக இருக்கவில்லை. சூதாட்டம் பெருகியது. 1638இல் அரசே திறந்த சூதாட்ட மன்றத்தில் ஆடுவோர் முகமூடி அணிய வேண்டும் என்பது விதி. முகமூடி அணிந்தவர் ஆயுதம் ஏந்தக் கூடாது என்றும் அரசு தடை விதிக்க வேண்டியதாயிற்று. 1797ஆம் ஆண்டில் நெப்போலியனிடம் வெனிசுக் குடியரசு வீழ்ந்தது. அந்நியர் ஆட்சியில் திருவிழா மங்கி மறைந்தது. பின்னர் 1979ஆம் ஆண்டில்தான் அது முறையாக மீண்டும் உயிர்பெற்றது. இன்று உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் அங்கே குவிகின்றனர்.

முன்னே விரதம், பின்னே விரதம்

இரண்டு விழாக்களிலும் மனிதர் முகம் மாற்றுகின்றனர். உயர்வு தாழ்வு சில நாள் ஒளிந்துகொள்கிறது. அப்படியாயின் இரண்டும் ஒன்றா?

நாள்காட்டியைப் பார்ப்போம். கார்னிவல் கிறித்தவர்களின் தவக்காலத்துக்கு முன் வருவது. தமிழ்க் கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்று கூறும் நாளில் தவக்காலம் தொடங்கும். அதற்கு முந்தைய நாளோடு கார்னிவல் முடியும். குலசைக்குத் தெற்கே கூப்பிடு தொலைவில் உள்ள மணப்பாட்டு மீனவர்களும் அந்தப் புதனன்று நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்வர். பல வாரங்கள் நோன்பு இருக்க வேண்டுமே, அதற்குள் உண்டு, ஆடி, மகிழ்ந்துவிடலாம் என்னும் எண்ணத்தில் பிறந்தது வெனிசு விழா. முகமூடி முதலில், விரதம் பிறகு. குலசையில் இவ்வரிசை தலைகீழாகிறது. விரதம் முதலில், வேடம் பிறகு. அங்கே முகமூடி ஒரு விடுமுறை. இங்கே வேடம், நாற்பது நாள் உழைத்துப் பெறும் உரிமை.

சொற்களிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. முகமூடி என்பது முகத்தை மூடுவது. அணிந்தவர் யார் என்று தெரியாமல் இருப்பதே அதன் பயன். வேடம் மறைப்பதற்காக மட்டும் ஏற்படுவதன்று. காளி வேடத்தினுள் இருப்பவர் யார் என்று அவர் ஊர் முழுவதும் அறியும். அறிந்தும் வணங்குகிறது. ஆனால் தமிழ் இச்சொல்லை முழுமையாக நம்பிவிடவும் இல்லை. 'வேடம் கட்டினான்' என்றால் மதிப்பு. 'வேடம் போடுகிறான்' என்றால் ஏமாற்றுகிறான் என்று பொருள். ஒரு வினைச்சொல் மாறியதும் பத்தர் போலியாகிவிடுகிறார். பகல்வேடம், வெளிவேடம் ஆகிய சொற்களையும் இவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்த ஐயம் வீணன்று. இன்றைய குலசையிலும் கட்டுவோரும் போடுவோரும் கலந்தே உள்ளனர். விரதம் இல்லாமல் ஒரே நாள் வேடமிட்டு வருவோர் உளர். திரைப்பாடலுக்கு ஆடும் ஆட்டக் குழுக்களை வரவழைத்து, கூட்டம் சேர்ப்பதையே பெருமையாகக் கருதும் குழுக்களும் உண்டு. ஆபாசமான ஆடல் பாடல்களுக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட நேர்ந்தது. இரும்பாலான வேலும் வாளும் கொண்டுவரக் காவல்துறை தடை விதித்துள்ளது. வெனிசு அரசு பல நூற்றாண்டுகளுக்கு முன்னர்க் கண்ட அதே இடர்தான் இது. மற்றொரு தடையும் உண்டு. சாதியைக் காட்டும் வண்ண நாடாக்களையும் கொடிகளையும் அணிந்து வரக் கூடாது என்பது அது. இதனைப் படிக்கும்போது மனம் வருந்துகிறது. முகத்தையே மாற்றிக்கொண்டு, பெயரையும் பெருமையையும் வீட்டில் விட்டுவிட்டுக் கையேந்தப் புறப்பட்ட ஒருவர், சாதியை மட்டும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருவாரானால், அவர் எந்த முகத்தைத்தான் மாற்றினார்?

கரையில் நள்ளிரவு

பத்தாம் நாள் இரவில் எல்லாச் சாலைகளும் குலசையை நோக்கி நகர்கின்றன. பிழைப்புக்காக வெளியூர் சென்றவர்களும் அந்நாளில் ஊர் திரும்பிவிடுவர். சிதம்பரேசுவரர் கோவிலுக்கு எதிரே உள்ள கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். நள்ளிரவில் அம்மன் எழுந்தருள்கிறாள். எதிரே மகிடாசுரன். அவனும் வேடம் மாற்றுபவன்தான். தன் முகத்தோடு வந்து தோற்றதும் சிங்க முகத்தோடு வருகிறான். எருமை முகத்தோடும் வருகிறான். ஒவ்வொரு முறை தலை மாறும்போதும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எத்தனை முகம் மாற்றினாலும் அம்மனின் சூலம் அவனை அடையாளம் கண்டுவிடுகிறது. சுற்றிலும் மணலில் ஆயிரக்கணக்கான காளிகள், குரங்குகள், அரசர்கள், பிச்சைக்காரர்கள் நின்று அதனைப் பார்க்கின்றனர்.

மறுநாள் கொடி இறங்கும். மணிக்கட்டிலுள்ள காப்பு அவிழ்க்கப்படும். கிரீடத்தையும் சடைமுடியையும் துணியில் சுற்றி அடுத்த ஆண்டுக்காகப் பரண்மேல் ஏற்றுவர். பின்னர்த் தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி முகத்தில் தேய்க்க வேண்டும். வண்ணம் எளிதில் போகாது. இரண்டு மூன்று முறை தேய்த்துக் குளித்த பிறகும் காதின் பின்புறத்தில் சிறிது சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனோடுதான் அவர் அடுத்த நாள் காலையில் கடையைத் திறப்பார்.